அக்கிக்குப் பெயர் வைத்த கூட்டம்

சீனிக்கு இடது கண் போன கதையை ஈப்போவில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். செய்வினை என்கிறவர்களும் உண்டு. நான் அப்படியெல்லாம் அளக்கப் போவதில்லை. நடந்த எல்லாக் கூட்டங்களுக்கும் குறிப்பு எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பதினோரு வருடமாக என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். குறிப்பேட்டில் உள்ளதும் இல்லாததும் எனக்குத் தெரியும்.

எங்கள் அமைப்பின் பெயர் பேராக் செந்தமிழ் உடல்நலக் கழகம். மாடி வைத்த ஒரு கடை வீட்டில் கீழே இலவச மருத்துவமனை, மேலே கூட்ட மண்டபம். மற்ற இடங்களில் மருந்து கீழே இருந்தால் வேலை கீழேயே முடிந்துவிடும். எங்களிடம் அப்படி இல்லை. விதி நான்கு தெளிவாகச் சொல்கிறது: மேலே ஒப்புதல் பெற்ற தமிழ்ப் பெயர் இல்லாத நோய்க்குக் கீழே மருந்து கொடுக்கலாகாது. டெங்கிக்குப் பெயர் முடிவாக ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் கழகத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட டெங்கி இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். ஒரு மாநாட்டில் அதைப் படித்தபோது கைதட்டினார்கள்.

கழகத்தின் தலைவர் சொல்லேறு தனேஸ்வரன். 'சொல்லேறு' என்பது பட்டம். அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கிய விழாவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

இனி சீனி. கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டம் துண்டு துண்டாகி, பாதி செம்பனைத் தோப்பாகவும் பாதி தாமான் குடியிருப்பாகவும் போன பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டினான். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. வேன்தான் அவன் பிழைப்பு. வேனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேன் ஓட்டும்போது நெற்றியின் இடது பக்கம் சுருக்கென்றது. ஏதோ பூச்சி என்று துடைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை கொப்புளம் கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. "ஊசியக் காய்ச்சி நெத்தியில சொருவுறாப்ல இருக்கு" என்றான். பார்த்தவுடன் அவன் மனைவி ராக்காயி, "அக்கிய்யா இது. பத்துமலைகிட்ட எழுதிட்டு வந்துருவோம்" என்று மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பத்துமலை என்பவன் சிம்பாங் பூலாயில், கேமரன் மலைக்குப் போகிற சாலையோரம் பூச்சட்டி விற்கிறவன். குயவர் வம்சம். காவிக்கல்லை உரசி, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் வரைவான். அதுதான் அக்கி எழுதுவது. அவன் கல்லை எடுத்தான், தண்ணீர் தெளித்தான், சீனியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தான், கல்லைத் திரும்ப வைத்துவிட்டான்.

"அண்ணே, முதுகுன்னா எழுதுவேன், இடுப்புன்னா எழுதுவேன். ஒங்களுக்கு மூக்கு நுனியில எறங்கிருச்சு. மூக்குக்கு வந்தா அடுத்தது கண்ணு. எங்கப்பா சொல்லிக் குடுத்தது. என் சிங்கம் கண்ணுக்குள்ள போவாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டேன். சின்னதா ஒரு குட்டிச் சிங்கமாச்சும் போட்டுவுடேன்லா."

"குட்டியும் போட மாட்டேன், தாயும் போட மாட்டேன். இன்னிக்கே போங்கண்ணே."

படிக்காதவன், சட்டி விற்கிறவன். ஆனாலும் அந்த வாரம் முழுக்க சீனியின் முகத்தைப் பார்த்த இத்தனை பேரில் சரியாகப் படித்த இரண்டு பேரில் அவன் ஒருவன்.

சீனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில், சிறுநீரகக் கல் வலியோடு போய் நின்றிருக்கிறான். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று மலாயில் கேட்டார்கள். முதல் முறை பார்க்கிறவர்களிடம் போய்ப் பத்து என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று, "தீகா" என்றான். மூன்று. பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தப்பு அவன் பேரில்தான். அன்றிலிருந்து, வலியைத் தமிழில் சொல்கிற இடத்துக்குத்தான் போவது என்று முடிவு. அப்படிப்பட்ட இடம் ஈப்போவில் ஒன்றே ஒன்று.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கழகத்துக்கு வந்தான்.

கீழே டாக்டர் ஷப்னம் இருந்தார். அவருடைய அத்தா ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சின்ன வயது, சம்பளம் வாங்காமல் வாரத்தில் மூன்று நாள் வந்து பார்க்கிற பிள்ளை. சீனியின் மூக்கு நுனியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அங்கிள், எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"முந்தாநாத்து கொப்புளம் இல்லீங்க. நேத்துதான்."

"இதுக்கு மாத்திரை இருக்கு. மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சிரணும். விட்டா கண்ணுக்குள்ள போயிரும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஏழு நாளு." அட்டையில் 'ஷிங்கள்ஸ்' என்று எழுதினார்.

மருந்துக் கவுன்டரில் தினேஸ்வரி அட்டையை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.

"இந்தப் பேரு லிஸ்ட்ல இல்லியே டாக்டர்."

"அக்கின்னு போட்டுக்க."

"அதுவும் இல்ல. போன வருசமே வெட்டிட்டாங்க. வடமொழி அக்கினியில இருந்து வந்திச்சாம்."

மாத்திரை அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஷப்னம் ஒரு நிமிடம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதி சீனியின் சட்டைப் பையில் அவரே வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரி, கண் பிரிவு. இத நீட்டினா போதும், நீங்க ஒண்ணுமே பேச வேணாம். இப்பவே போங்க அங்கிள்."

சீனி வாசல்வரை போய்விட்டான். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது.

தலைவர் சீனியின் நெற்றியைப் பார்த்தார், தினேஸ்வரி கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் போல ஒரு மனிதர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "பெயரில்லா நோய்! ஐயா, எத்தனை காலமாக உங்களுக்காகக் காத்திருந்தோம். மேலே வாருங்கள். அவசரக் கூட்டம்."

மேடையில் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். குஷன் வைத்தது. "அமருங்கள் ஐயா" என்றார்.

இந்த இடத்தில்தான் சீனி கவிழ்ந்தான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் முன்னால் அவன் அப்பன் உட்கார்ந்தது கிடையாது. சீனியும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாலும் நின்றுகொண்டே இருந்துவிட்டு வருகிற ஆள். அவனை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, குஷன் நாற்காலியில் உட்கார வைக்கிறார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாற்காலியையும் தொட்டுப் பார்த்தான். உட்கார்ந்தான்.

தலைவர் பேசினார். குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

"அவையோரே! மேலை நாட்டார் இந்நோயை ஹெர்ப்பிஸ் சோஸ்டர் என்பர். சோஸ்டர் கிரேக்கச் சொல். போர்வீரன் இடையில் கட்டிய வார். ஷிங்கள்ஸ் என்பதும் இலத்தீனில் வார் எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே வந்தது. உடம்பைச் சுற்றி வார் கட்டினாற்போல் கொப்புளம் வருவதால் அப்பெயர். கிரேக்கனுக்கு வார் இருந்தது, இலத்தீனியனுக்கு வார் இருந்தது. தமிழனுக்கு மட்டும் இல்லையா? நமக்கு ஒரு வார் கிடைக்கும்வரை இந்த மன்றம் கலையாது!"

கைதட்டினார்கள். சீனியும் தட்டினான். தட்டியதில் நெற்றி வலித்திருக்க வேண்டும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

மன்றம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கலைந்தது. கலையுமுன் தலைவர் சீனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேண்டுகோள் வைத்தார். கலைச்சொல் அகராதியில் ஒவ்வொரு நோய்க்கும் வண்ணப்படம் உண்டு. படம் எடுக்கிறவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரை கொப்புளம் வாடக் கூடாது. "மருந்து பட்டால் சான்று அழிந்துவிடும். தமிழுக்காக இரண்டு நாள் பொறுக்க மாட்டீர்களா ஐயா?"

"பொறுத்துக்கறேங்க" என்றான் சீனி.

வாசலில் காத்திருந்த ராக்காயி பிடித்துக்கொண்டாள். "யோவ், டாக்டரம்மா என்னா சொன்னிச்சு, நீ என்னா பண்ணிட்டு வார? மோட்டார எடு, போலாம்."

"வாக்குக் குடுத்துட்டேன் புள்ள. எனக்காகத்தான் இம்புட்டுப் பேரும் கூடியிருக்காங்க. நடுவுல எந்திரிச்சுப் போனா மரியாதையா?"

"ஒனக்கு நாக்காலிதான் வேணும்னா நான் கடையில வாங்கியாரேன். சிவப்புப் பிளாஸ்டிக்குல, கைப்பிடி வச்சது. வீட்டுல போட்டு நாளெல்லாம் ஐயா ஐயான்னு கூப்புடறேன். வாய்யா!"

அவன் வரவில்லை.

வியாழக்கிழமை இடது இமை வீங்கி பாதி மூடியிருந்தது. அன்றைய விவாதம் ஹெர்ப்பிஸ் என்ற முதல் சொல்லைப் பற்றியது. அதற்குக் கிரேக்கத்தில் 'ஊர்ந்து போவது' என்று பொருள். கலைச்சொல் செயலாளர் ரூபன் எழுந்து, ஊர்வன எல்லாம் விலங்கியல் துணைக்குழுவின் அதிகார வரம்புக்குள் வருபவை, நாம் தொடலாகாது என்றார். சரி என்று ஏற்கப்பட்டது. விலங்கியல் துணைக்குழுவில் ஒரே ஓர் உறுப்பினர். அவர் தஞ்சோங் மாலிமில் மகள் பட்டமளிப்பு விழாவில் இருந்தார். மூன்று முறை அழைத்த பிறகு போனை எடுத்தார். தலைவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஊர்வது என்றால், கால் உள்ளதா இல்லாததா?" என்று கேட்டது போன்.

மன்றத்தில் யாருக்கும் தெரியவில்லை. ரூபன் மேடைக்கு வந்து, சீனியின் நெற்றிக்கு நேரே குனிந்து, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கால் இல்லை" என்றார். பதிவு செய்தேன்.

அப்போதுதான் ஷப்னம் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "இன்னும் போகலியா அங்கிள்? என்ன செய்றீங்க எல்லாரும்? அந்தக் கண்ணப் பாருங்க! டிலே பண்ணா போயிரும்!"

தலைவர் மணியை அடித்தார். "விதி ஒன்பது. மன்றத்தில் பிறமொழிச் சொல் கலந்து பேசியவருக்கு அன்று முழுவதும் பேச்சுரிமை இல்லை. 'டிலே' என்றீர்கள், மருத்துவரே. தயவுசெய்து அமருங்கள்."

உட்கார நாற்காலி இல்லை. ஷப்னம் கீழே போனார், மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு அவர் கழகத்துப் பக்கம் வரவில்லை.

தேநீர் இடைவேளையில் ராக்காயி என்னிடம் வந்தாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்று குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, நீங்க எழுதுற ஆளு. எல்லாரும் கையெழுத்துப் போடுற நோட்டு அது. இந்தாளுக்குக் கண்ணு போவப்போவுதுன்னு ஒரே ஒரு வரி எழுதி வைங்கண்ணே. படிச்சாலாச்சும் அனுப்புவாங்க."

"எழுதறேன்மா" என்றேன்.

எழுதினேன். 'நோயாளரின் துணைவியார் கருத்துத் தெரிவித்தார்.' நோய்க்கு ஒப்புதல் பெற்ற பெயர் இல்லாதபோது அது என்ன செய்யும் என்று நான் எப்படி எழுத முடியும்? விதி தெரிந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை படம் எடுக்கிறவர் வந்தார். வெளிச்சம் சரியில்லை என்று சீனியை ஜன்னல் பக்கம் திருப்பினார். "கண்ணத் தொறங்க அண்ணே." சீனி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கண் செவேலென்றிருந்தது, நீர் கொட்டியது. ஆனால் பார்வை இருந்தது. "எத்தனை விரல்?" என்று அந்த ஆள் விளையாட்டாகக் கேட்க, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு "மூணு" என்று சரியாகச் சொன்னான். இது நான் காதால் கேட்டது. குறிப்பேட்டில் இல்லை.

பிறகு ரூபன் தையல்கார டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வார் என்றால் சுற்ற வேண்டும். சுற்றுகிறதா? நெற்றியில் ஆரம்பித்து அளந்தார். கொப்புளம் நடு நெற்றியோடு நின்றுவிட்டது, வலது பக்கம் ஒன்றுமில்லை. ஷப்னம் இருந்திருந்தால், இந்த நோய் ஒரு பக்கமாகத்தான் வரும், எவனுக்கும் முழுசாகச் சுற்றாது என்று சொல்லியிருப்பார். இல்லாததால் பெரிய கவலை பிடித்துக்கொண்டது.

"பாதி வார் வாராகுமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கொக்கி மாட்டாத வாரும் வார்தான்" என்றார் தலைவர். மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு நடந்தது. 'கச்சை' தோற்றது. 'மேகலை', பெண்கள் அணிவது என்பதால் ஆண் நோயாளிகளின் மனம் புண்படும் என்று விலக்கப்பட்டது. ஒன்பதுக்கு இரண்டு என்ற வாக்கில் 'இடைவார்க் கொப்புளம்' வென்றது. தலைவர் கண் கலங்கி, சீனியைக் கட்டிக்கொண்டார்.

சீனி அந்தப் பெயரைத் துண்டுச் சீட்டில் வாங்கிக்கொண்டு, வலது கையால் சுவரைத் தடவியபடி கீழே போனான். ராக்காயி முன்னாலேயே கவுன்டரில் நின்றாள்.

தினேஸ்வரி சீட்டைப் படித்தாள். புதிதாக ஒட்டிய பட்டியலைப் பார்த்தாள். "இருக்கு! இடைவார்க் கொப்புளம். இடையில, அதாவது இடுப்புல, வார் போல் தோன்றுவது." நிமிர்ந்தாள். "அங்கிள், சட்டையக் கொஞ்சம் தூக்குங்க."

சீனி தூக்கினான். இடுப்பில் ஒன்றும் இல்லை. அவன் கைலியின் பெல்ட்டு மட்டும் இருந்தது.

"ஒங்களுக்கு நெத்தியில. இது இடுப்புக்குத்தான் அங்கிள். நெத்திக்கு வேற பேரு வேணும்ல? மேல புதுசா மனு குடுத்துருங்க."

பின்னாலேயே இறங்கி வந்திருந்த நான் மேலே போய்க் கேட்டேன். தலைவர் யோசித்தார். "நியாயம். நெற்றியில் கட்டுவது வார் அல்ல, பட்டம். கோயில் யானைக்குக் கட்டுவார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்போம்."

நான் இறங்கி வருவதற்குள் ராக்காயி சீனியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். யாருடைய காரையோ கை காட்டி நிறுத்தி ஏறினார்கள். மூன்று நாள் வேர்வையில் ஊறிய கடிதம் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது நீல மையாக விரலில் ஒட்டியதாம். அவர்கள் கடிதமே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தவுடன் உள்ளே படுக்கப் போட்டுவிட்டார்கள். வலி எத்தனை என்று கேட்டதற்கு இந்த முறை சீனி, "செபுலோ" என்றானாம். பத்து. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டதற்கு, "மீட்டிங்" என்றிருக்கிறான். யாரோ பெரிய புள்ளி என்று நினைத்துவிட்டார்கள்.

மருந்து கொடுத்தார்கள். கொப்புளம் காய்ந்தது. கண் திரும்பவில்லை.

நான்கு மாதம் கழித்து அகராதி வெளியீட்டு விழா. முதல் பிரதி பெற சீனியை அழைத்திருந்தார்கள். வர மாட்டான் என்று நினைத்தேன், வந்தான். வேனை விற்றாகிவிட்டது. காற்று பட்டாலே நெற்றியில் அந்தப் பழைய ஊசி இன்னும் சொருகுகிறதாம், அதனால் துண்டை நெற்றியில் கட்டியிருந்தான். இடது கண்ணில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. அந்தப் பக்கம் தெரியாததால் ராக்காயி இடது கையைப் பிடித்துக்கொண்டே மேடைக்கு ஏற்றினாள்.

தலைவர் பொன்னாடை போர்த்தினார். அகராதியின் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துக் கையில் கொடுத்தார். பக்கம் முழுக்க சீனியின் நெற்றி, மூக்கு, விரலால் திறந்து பிடித்த இடது கண். கீழே கொட்டை எழுத்தில் 'இடைவார்க் கொப்புளம்'. படத்துக்கும் பெயருக்கும் பொருத்தமில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது திருத்த இன்னொரு கூட்டம் வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"ஐயா இரண்டு வார்த்தை பேச வேண்டும்" என்றார் தலைவர்.

சீனி முகத்தை இடது பக்கமாகத் திருப்பி, இருக்கிற கண்ணால் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். ஒலிபெருக்கி கொர்ரென்றது.

"இந்தப் படம் எடுக்கறப்ப எனக்கு இந்தக் கண்ணு தெரிஞ்சிச்சுங்க" என்றான்.

அவ்வளவுதான் பேசினான். ஒரு கணம், யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

தலைவர்தான் சொன்னார். "அருமை! முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டாம் பதிப்பில் இரண்டையும் போடுவோம். தம்பி, கேமராவை எடு. ஐயா, இப்படி அமருங்கள், வெளிச்சம் இந்தப் பக்கம்." பழைய குஷன் நாற்காலியைத் தம் கையாலேயே இழுத்துப் போட்டார்.

சீனி நாற்காலியைப் பார்த்தான்.

"இல்லீங்க. நான் நின்னுக்கறேன்."

"பரவாயில்லை ஐயா, உட்காருங்கள்."

"நின்னுக்கறேங்க."

தலைவர் தோளைத் தொட்டு அழுத்தினார். சீனி அழுந்தவில்லை. படம் எடுக்கிறவர் கேமராவோடு நின்றார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறக்கினார். பிறகு ராக்காயி, "வாய்யா, போலாம்" என்றாள். பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு, அவள் பிடித்த பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினான். விழா முடியும்வரை அந்த நாற்காலி மேடையில் காலியாகவே கிடந்தது.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் தலைவர் குறிப்பேட்டைக் கேட்டார். நான் எழுதியிருந்த கடைசி வரியைப் படித்தார், திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

'நோயாளருக்கு நாற்காலி வழங்கப்பட்டது.'